நம்பர் இல்லாத தூங்குமூஞ்சி மரம்

சாவிக்கொத்து இடுப்பில் தொங்க, சகாயமேரி அங்கன்வாடிக் கட்டடத்தின் சாலையோர மூலைக்குப் போகிறார். பூட்டைத் திறப்பது அப்புறம். தூங்குமூஞ்சி மரத்தடியில், வேர் மண்ணைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியிருக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, வலது கையை மூடி வெடிப்புக்குள் விடுகிறார். வைகாசியில் விரல்கள்தான் போயின. ஆனியில் கை முழுதும் போனது. இப்போது உள்ளே விட்ட கையைத் திருப்பவும் முடிகிறது. வெளியே எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு மேற்கே பார்க்கிறார். முன்பக்கத்துக் கம்பிக் கதவில் ஒரு புடவைக் கிழிசலைக் கட்டி வைத்திருக்கிறார். அது சும்மா தொங்கினால் பிள்ளைகள் உள்ளே. எழுந்து படபடத்தால் கயிறு.

கயிறு, மாரண்டஹள்ளியில் வாங்கிய மாட்டுக் கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு நிறத்துணி. பிள்ளைகள் நிறம் பார்த்துத் தங்கள் முடிச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சிவப்பு காவியாவுடையது. அவள் வராத நாளிலும் அதை வேறு யாரும் தொடக்கூடாது. முன்முனையில் சகாயமேரி. கடைசியில் உதவியாளர் ராமக்காள், இடுப்பில் முட்டைக் கூடை. காற்றடிக்கும் நாட்களில் எர்ரகொல்லை அங்கன்வாடி இப்படிச் சாலையோரமாக நடந்து கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போகிறது. தக்காளி ஏற்றிவரும் வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

"என்னாங்க டீச்சர், இன்னிக்கும் யாத்திரையா?"

"ஏன், நீயும் ஒரு முடிச்சப் புடிச்சிக்கிறியா? வா, முட்டை உண்டு."

சகாயமேரி ஐம்பதைத் தாண்டியவர். சீருடைப் புடவையை ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டுவார். கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் காவல் வேலை, வாரக் கடைசியில் வருவார். இவர் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர். இந்த மரத்துக்காக ஜெபிக்கிறேன் என்று பங்குச் சாமியார் சொன்னபோது, "பண்ணுங்க சாமி. முடிஞ்சா ஒரு ரம்பத்தோட வந்து பண்ணுங்க" என்றார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உட்காரமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டாலும் நின்றபடிதான் பேசுவார். "ஒக்காந்துட்டா மறந்துருவாங்க. நின்னுக்கிட்டே இருந்தா அவங்களுக்கே ஒரு கூச்சம் வரும்" என்பது அவர் கணக்கு.

அவர் கைபேசியில் மனிதர்களின் பெயர்கள் கிடையாது. ரோடு, கரண்டு, மண்ணு, கட்டடம், தண்ணி, முட்டை. சாலை ஆய்வாளர் அருள்குமார், ரோடு. லைன்மேன் தீர்த்தகிரி, கரண்டு. கிராம நிர்வாக அலுவலர் இளம்பரிதி, மண்ணு. ஒன்றிய அலுவலக ஓவர்சியர், கட்டடம். ஊராட்சிச் செயலர் பச்சியப்பன், தண்ணி. முட்டை, அங்கன்வாடி மேற்பார்வையாளர். பிள்ளைகளுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தால் ராமக்காள் திரையை எட்டிப் பார்த்து, "டீச்சர், மண்ணு கூப்புடுது" என்பார்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களுக்கு அவரே ஒருநாள் விளக்கினார். "திட்டம் டில்லி. முட்டை மெட்ராசு. கட்டடம் ஒன்றியம். தண்ணி பஞ்சாயத்து. வெளிய இருக்கற ரோடு ஸ்டேட்டு. நானு பாதி டில்லி, பாதி மெட்ராசு. எந்தப் பாதின்னு கேக்காதீங்க."

"மரம்?" என்றாள் காவியாவின் அம்மா மலர்விழி.

"அது அனாதை."

"அப்ப காத்து யாருதுங்க டீச்சர்?"

"அது கர்நாடகாக்காரங்களுது. தண்ணியத்தான் நாம கேட்டுக் கேட்டு வாங்கணும். காத்தைக் கேக்காமயே அனுப்பி வுட்டுடறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எல்லோரும் மேலே பார்த்தார்கள். சாலையோரம் முளைத்துச் சாய்ந்து வளர்ந்த மரம். அதன் தலையில் பெரும்பகுதி அங்கன்வாடியின் ஓட்டுக் கூரைக்கு மேலே கவிந்திருக்கிறது. கீழே அதன் வேர் மண்ணை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆடிக்காற்று ஒரே அழுத்தாக அழுத்தினால் அது விழும் இடம், பிள்ளைகள் மதியம் தூங்கும் இடம்.

அதை வெட்டவேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. சர்க்கார் நிலத்து மரத்தை வெட்ட மாவட்டக் குழு அனுமதி தரவேண்டும். அனுமதி கேட்க வேண்டியது மரத்துக்கு உரிய துறை. ஆகவே யாராவது ஒருவர் வந்து நின்று "எங்க மரம்" என்று சொன்னால் போதும். அனுமதி, ஏலம், ரம்பம் எல்லாம் அதன் பின்னால் வந்து சேரும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சகாயமேரி நடந்துகொண்டிருக்கிறார்.

முதலில் பச்சியப்பனிடம் போனார். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் வரவில்லை. ஊராட்சிக்கான கையெழுத்து இப்போது ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. "தலைவர் இருந்தாலும் நாங்க சொல்ல முடியாதுங்க டீச்சர். ஏரிக்கரை மரம்னா எங்களுது. இது ரோட்டோரம்" என்றார் பச்சியப்பன். அவர் சொன்னது சரிதான்.

ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்தார். சுவரைத் தட்டினார். தரையை மிதித்துப் பார்த்தார். ஓடுகளை எண்ணாத குறையாகப் பார்த்தார். "பில்டிங்குக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கட்டடம் பழுதுன்னா வாடகைக்கு வேற எடம் பாக்கச் சொல்லலாம். இது நல்லா இருக்குதே." அவர் சொன்னதும் சரிதான்.

அருள்குமார் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார். நெடுஞ்சாலை மரங்களுக்கு அடிமரத்தில் வெள்ளைப் பட்டை அடித்து நம்பர் போட்டிருக்கும். இந்தப் பக்கத்து வேம்பில் நம்பர் இருந்தது. அந்தப் பக்கத்துப் புங்கனில் அதற்கு அடுத்த நம்பர் இருந்தது. நடுவில் நின்ற தூங்குமூஞ்சியில் ஒன்றும் இல்லை.

"எங்க கணக்குல இந்த மரமே இல்லீங்களே."

ராமக்காள் முன்னால் வந்தார். "நம்பர் போட வந்த ஆளு மேல பாத்தான் சார். பாத்துட்டு, 'ஆயா, இதுக்கடியில நின்னு எவன் பெயிண்ட் அடிப்பான்'னு டப்பாவைத் தூக்கிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டான். நாந்தான் அவனுக்குத் தண்ணி குடுத்தன்."

அருள்குமார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவன் பண்ணது தப்புதாங்க ஆயா. ஆனா நம்பர் இல்லாத மரத்த எங்க மரம்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு மேல கேக்கும்போது நானில்ல பதில் சொல்லணும்?"

"கேக்கட்டும் சார். ஆடி பொறந்தா கேக்கறதுக்கு வேற ஆளுங்க வந்துருவாங்க" என்றார் சகாயமேரி. குரல் உயரவில்லை. அருள்குமார் வண்டியைக் கிளப்பும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

உடனே வேலை செய்தவர் தீர்த்தகிரி ஒருவர்தான். கூப்பிட்ட மறுநாளே ஏணியோடு வந்தார். மின்கம்பிக்கு அருகில் வரும் கிளைகளை வெட்டுவது அவர் பொறுப்பு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சாலைப் பக்கம் நீண்டிருந்த கொப்புகளை ஒன்று விடாமல் கழித்துத் தள்ளினார். கம்பி சுத்தமானது. சகாயமேரி அவருக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் வெடிப்பில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. சாலைப் பக்கத்துப் பாரம் போய்விட்டது. மரத்தின் மிச்சக் கனம் முழுவதும் இப்போது கட்டடத்தின் பக்கம். மரம் ஒரு சாண் அதிகமாகச் சாய்ந்திருந்தது.

"என்னா தம்பி பண்ணி வெச்சிருக்கற?"

"டீச்சர், கம்பி பக்கம் மட்டுந்தான் நான் வெட்டலாம். அந்தப் பக்கம் கத்தி வெச்சா என்மேல கேசு வரும்." தீர்த்தகிரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

அந்த வாரம் ஊருக்கு வந்த கணவர் மரத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு ஒருத்தன்கிட்ட மெஷின் ரம்பம் இருக்குது. அரை நாள் வேலை. யாரைக் கேக்கணும்?" என்றார்.

"அறுத்துப் பாரு. அறுத்த மறு நிமிசம் இதுக்கு நாலு சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க" என்றார் சகாயமேரி. "இப்ப ஒருத்தர் வந்தாப் போதும் எனக்கு."

திங்கட்கிழமை மாட்டுக் கயிறு வாங்கினார். ராமக்காளின் பழைய புடவைகளைக் கிழித்து முடிச்சுகளுக்கு நிறம் கட்டினார்கள். அடுத்த காற்று நாளில் பிள்ளைகள் இளம்பரிதியின் அலுவலகத்து வாசலில் வரிசையாக நின்றார்கள்.

இளம்பரிதி இளைஞர், இந்த வேலையில் முதல் ஊர் இதுதான். எழுந்து நின்றுவிட்டார். "என்னாங்க டீச்சர் இது? பட்டா மாறுதலுக்கு ஆளுங்க வர்ற எடங்க."

"நாங்களும் எடத்துக்குத்தான் வந்திருக்கறோம் சார். மரம் நிக்கற மண்ணு உங்களுதுதானே? அது விழாத நாள்ல நாங்க அங்க இருக்கறோம். விழற மாதிரி இருக்கற நாள்ல இங்க இருக்கறோம்."

"இதுக்கு மேல இடத்துல கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். புள்ளைங்க பத்திரமா இருக்கணும், அது உன் பொறுப்புன்னாங்க. அதத்தான் செய்யறன்."

அன்று பிள்ளைகள் அலமாரிகளுக்கு நடுவே அமர்ந்து முட்டை உரித்தார்கள். வாரிசுச் சான்றுக்கு வந்த ஒரு பெரியவர் ஒரு பையனைக் கேட்காமலே மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். மதியம் மேசைக்கு அடியில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். இளம்பரிதி மாலைவரை கால்களை நாற்காலியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அடுத்த முறை அவரே மேசையை நகர்த்திப் போட்டிருந்தார். அதற்கடுத்த முறை ஜன்னலோரத்தில் ஒரு பாய் இருந்தது.

டில்லிக்குத் தினமும் பிள்ளைகளின் படத்தைக் கைபேசியில் ஏற்றவேண்டும். சகாயமேரி அலுவலகத்தில் எடுத்த படத்தையே ஏற்றினார். பின்னால் கிராம நிர்வாக அலுவலகம் என்ற பெயர்ப்பலகை முழுதாகத் தெரிந்தது. "படம் டில்லிக்குப் போச்சோ இல்லியோ, பாலக்கோட்டு ஆபீசுக்கு வந்துருச்சு" என்று பிற்பாடு ராமக்காள் எல்லோரிடமும் சொன்னார். முட்டையிடமிருந்து ஃபோன் வந்தது. உங்கள் பிள்ளைகள் வருவாய்த்துறைக் கட்டடத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டது. "மேல மரம் விழாம இருக்கறாங்க மேடம்" என்றார் சகாயமேரி. அதற்குப் பிறகு எது எங்கே போய் எப்படித் திரும்பி வந்ததோ, தாசில்தார் அலுவலகத்திலிருந்து இளம்பரிதிக்கு ஒரு வார்த்தை வந்தது. எல்லாத் துறைகளும் மரத்தடியில் ஒன்றாகக் கூடிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

கூடியது ஆடியின் நடுவில் ஒரு காலை. கம்பிக் கதவில் கட்டிய கிழிசல் படுக்கைவாக்கில் பறந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சாலையின் எதிர்ப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ராமக்காளோடு நின்றார்கள், அலுவலகத்துக்குக் கிளம்பத் தயாராக. வந்தவர்களும் எதிர்ப்பக்கத்திலேயே நின்றார்கள். இளம்பரிதி, பச்சியப்பன், ஓவர்சியர், தீர்த்தகிரி, ஹெல்மெட்டைக் கழற்றாத அருள்குமார். மரத்தடியில் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருவரும் சாலையைத் தாண்டவில்லை.

ரோடு ஸ்டேட்டு என்றார் பச்சியப்பன். மரம் கணக்கில் இல்லை என்றார் அருள்குமார். மண் புறம்போக்கு, ஆனால் மண்ணுக்குத்தான் நான், மரத்துக்கு இல்லை என்றார் இளம்பரிதி. கம்பி பக்கம் முடித்துவிட்டேன் என்றார் தீர்த்தகிரி. ஒருவர் பேச்சை ஒருவர் மறுக்கவில்லை. எல்லோரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

சகாயமேரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சாலையைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே பெரிய பாயை உதறி விரிக்கும் சத்தம் எதிர்ப்பக்கம்வரை கேட்டது. வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்.

"என்னாத்துக்கு சார் வெயில்ல நிக்கறீங்க. உள்ள வந்து ஒக்காந்து பேசுங்க. கஞ்சி வெச்சிருக்கறன்."

அலுவலகங்களில் ஒருநாளும் உட்காராதவர், இவர்களை உட்காரக் கூப்பிட்டார்.

"இருக்கட்டுங்க டீச்சர், இங்கயே முடிச்சிடலாம்" என்றார் இளம்பரிதி.

"எனக்கு முட்டி வலிங்க. கீழ ஒக்கார முடியாது" என்றார் பச்சியப்பன்.

"கட்டடம் சார், நீங்களாச்சும் வாங்க. உங்க பில்டிங் நல்லாத்தானே இருக்குது?"

ஓவர்சியர் குனிந்து ஷூ லேசைச் சரிசெய்தார். தீர்த்தகிரி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். காற்று ஒருமுறை முழுதாக வந்தது. மரம் அடித்தொண்டையில் முனகியது. கூரையில் ஒரு சுள்ளி விழுந்து, ஓடுகளில் உருண்டு, வாசலில் சகாயமேரியின் காலடியில் கிடந்தது. அவர் நகரவில்லை.

காவியாவுக்கு ஒரு கணக்குத் தெரியும். டீச்சர் பாய் விரித்தால் அடுத்தது முட்டை. அவள் சிவப்பு முடிச்சை விட்டாள். ராமக்காள் கை நீட்டுவதற்குள் சாலையில் இறங்கி, மரத்தைப் பார்த்து, பாயைப் பார்த்து ஓடினாள்.

"பாப்பா! போவாத!"

ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். வாசலிலிருந்து சகாயமேரி பாய்ந்து இறங்கினார். ஆனால் அருள்குமார் அவருக்கு முந்தினார். கம்பிக் கதவுக்கு உள்ளே, சரியாக மரத்தின் தலைக்குக் கீழே, பிள்ளையை அள்ளி எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் அங்கேயே நின்றார். அந்த இடத்திலிருந்து அவர் மேலே பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்பு ஓட்டமாகச் சாலையைத் தாண்டி வந்தார்.

காவியா அவர் தோளில் அடித்து, "முட்டை" என்று அழுதாள்.

அருள்குமாருக்கு மூச்சு வாங்கியது. "எழுதிக்குங்க சார்" என்றார் இளம்பரிதியிடம். "எங்க மரம்."

"நம்பர்?"

"நம்பரை நானே வந்து போடறன். அதே மரத்தடியில நின்னு போடறன். நீங்க எழுதுங்க. எங்க மரம்."

சகாயமேரி உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார். கதவைச் சாத்திப் பூட்டப் போனார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பூட்டினார். சாலையைத் தாண்டி வந்தார். காவியாவின் முகத்தை முந்தானையால் துடைத்தார். அவளை இறக்கிவிட அருள்குமார் குனிந்தபோது, வேண்டாம் என்று தலையசைத்தார்.

தரையில் கிடந்த கயிற்றின் முன்முனையை எடுத்து அருள்குமாரின் கையில் கொடுத்தார். அவர் ஒரு இடுப்பில் பிள்ளையும் ஒரு கையில் கயிறுமாகக் கிராம நிர்வாக அலுவலகத்தின் பக்கம் திரும்பினார். வரிசை நகர்ந்தது. நடுவில் சிவப்பு முடிச்சு மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. சகாயமேரி வரிசைக்குள் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.